பட்டாவில் வேறு பெயர்: தாலுகா அலுவலகத்துக்கு அலையும்போது பொறுமையை எப்படிக் காப்பாற்றிக்கொள்கிறீர்கள்?

காவிரிக்கரை எழுதியது:

வணக்கம். டெல்டாவில் எங்களுக்கு 1 ஏக்கர் 20 சென்ட் நஞ்சை இருக்கிறது. 1968-ல் தாத்தா கிரயம் வாங்கியது, பிற்பாடு அப்பாவுக்கு செட்டில்மென்ட் எழுதிக்கொடுத்தார். மூலப்பத்திரம் கையில் இருக்கிறது. வில்லங்கச் சான்று சுத்தம். தாத்தா பெயரில் பழைய கிஸ்தி ரசீதுகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. இன்றுவரை நாங்கள்தான் உழுகிறோம். அப்பா கடன் வாங்கும் பழக்கம் இல்லாதவர், அதனால் சிட்டா எடுக்கும் தேவையே அவருக்கு வரவில்லை. போன வருடம் காலமானார். வாரிசுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு பட்டா மாற்றப் போனபோதுதான் தெரிந்தது, கணினியில் எங்கள் புல எண்ணுக்கு நேராகப் பக்கத்து வயல்காரரின் தாத்தா பெயர் இருக்கிறது. யு.டி.ஆர். என்ற பழைய நிலப் பதிவுத் திட்டத்தின் காலத்துப் பிழை என்கிறார்கள்.

பக்கத்து வயல்காரர் தங்கமான மனிதர். "அது உங்க நிலம்தான், எங்க வேணும்னாலும் வந்து கையெழுத்துப் போடறேன்" என்கிறார். ஆகத் தகராறு ஒன்றும் இல்லை. ஆனாலும் காரியம் நகரவில்லை. மனுவை வாங்கிய எழுத்தர் மாறுதலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவர், "கோப்பு என்கிட்ட வரலையே" என்கிறார். வி.ஏ.ஓ.வைக் கேட்டால் பயிர்ச்சேதக் கணக்கெடுப்பில் இருப்பதாகச் சொல்கிறார். நடுவில் ஒரு முறை "குறைபாடு உள்ளது" என்று மனு திரும்பி வந்தது. என்ன குறைபாடு என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

அலுவலகத்தில் நான் யாரிடமும் குரலை உயர்த்தவில்லை. வெளியே வந்து பஸ்ஸில் உட்கார்ந்ததும் உள்ளுக்குள் கொதிக்கிறது. வீட்டில் இதே பேச்சாகப் போய்விட்டது, அம்மா நிலத்தைப் பற்றிக் கேட்கவே பயப்படுகிறார். சித்தப்பா, "நாலு சத்தம் போடு, அப்பத்தான் நடக்கும்" என்கிறார். மச்சான், "புரோக்கரிடம் கொடுத்துவிட்டு வேலையைப் பார்" என்கிறார். இரண்டிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. கத்தாமல், புலம்பாமல், விட்டும் கொடுக்காமல் இந்த மாதிரி வேலையை முடித்தவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள். சட்ட வழியும் வேண்டும், மனசுக்கு வழியும் வேண்டும்.

நேர்பேச்சு எழுதியது:

பொறுமையெல்லாம் வேலைக்கு ஆகாது நண்பரே. எங்கள் ஊரில் எல்லோரும் கொடுத்துத்தான் முடிக்கிறார்கள். உங்கள் மச்சான் சொல்வது கசப்பாக இருந்தாலும் நடைமுறை அதுதான். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு அலைகிற காசைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

புலப்படம் எழுதியது:

நான் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். காவிரிக்கரை தம்பிக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இந்தப் பிழை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் கோபம் பாதி இறங்கும், என் அனுபவத்தில் பார்த்திருக்கிறேன்.

யு.டி.ஆர். என்பது நில உடைமைப் பதிவுகளை மேம்படுத்தும் திட்டம். 1979-ல் தொடங்கி 1987 வரை நடந்தது. ஏக்கர், சென்ட் கணக்கெல்லாம் ஹெக்டேர், ஏர் கணக்குக்கு மாறியது அப்போதுதான். உங்கள் 1 ஏக்கர் 20 சென்ட் இன்றைய பட்டாவில் 0.48.5 என்று இருக்கும், பாருங்கள். பழைய சர்வே எண்கள் பல ஊர்களில் உடைந்து புது உட்பிரிவு எண்களாயின. ஊழியர்கள் ஊர் ஊராகப் போய் யார் அனுபவத்தில் இருக்கிறார்கள் என்று விசாரித்துப் பெயர் எழுதினார்கள். அன்றைக்கு ஊரில் இல்லாதவர், வெளியூரில் வேலைக்குப் போனவர், வயலைக் குத்தகைக்கு விட்டவர், கைம்பெண்கள், இவர்கள் பெயர்தான் அதிகமாக விடுபட்டது. வரப்பில் நின்றவர் பெயர் ஏறிவிட்டது.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. திட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, 1980 நவம்பரில், பரம்பரையாக வந்த கர்ணம் (ஊர்க் கணக்கர்), மணியக்காரர் பதவிகளை அரசு ஒழித்தது. அது செய்யவேண்டிய காரியம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எந்த வயல் யாருடையது, யார் யாருக்கு எழுதிக்கொடுத்தார், எந்தப் பங்காளி எந்த வரப்பு வரை என்பதெல்லாம் கர்ணத்தின் தலைக்குள் இருந்தது. பதவியோடு அதுவும் போயிற்று. புதிதாக வந்தவர்கள் ஏட்டில் இருந்ததை வைத்து எழுதினார்கள். பிற்பாடு கணினி வந்தபோது அந்த ஏட்டில் இருந்தது அப்படியே ஏறியது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இன்று உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கும் எழுத்தர் இந்தப் பிழையைச் செய்தவர் இல்லை. அவர் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டதாகக்கூட இருக்கும். ஆனால் திருத்துகிற பொறுப்பு இன்று அவர் மேசையில் இருக்கிறது. பழைய தப்புக்கான கோபத்தை அவர் மேல் காட்டினால் அவருக்கு அது புரியாது. உங்கள் வேலை என்ன என்பதை மட்டும் அவருக்குத் தெளிவாகப் புரியவையுங்கள்.

இனி வேலை. நீங்கள் சாதாரண பட்டா மாறுதலாக விண்ணப்பித்திருந்தால் அது திரும்பத்தான் செய்யும். பட்டாவில் இருக்கும் பெயருக்கும் உங்கள் பத்திரத்தில் எழுதிக்கொடுத்தவருக்கும் தொடர்பே இல்லை என்று கணினி காட்டும். உங்களுடையது பதிவுத் திருத்தம். சின்ன எழுத்துப்பிழை என்றால் தாசில்தார் மட்டத்திலேயே முடியும். ஆளே மாறிப்போன இனம் கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர் என்று மேலே போகும். உங்கள் இனத்தை முடிவு செய்ய வேண்டியவர் யார் என்று முதலில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சேர்க்கவேண்டியதில் முக்கியமான ஒன்று, யு.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டின், அதாவது எந்தப் புலம் யார் பெயரில் என்று காட்டும் கிராமக் கணக்கின் நகல். அதில் தாத்தா பெயரோ, தாத்தாவுக்கு விற்றவர் பெயரோ இருக்கவேண்டும். கூடவே பழைய எண்ணுக்குப் புதிய எண் எது என்று காட்டும் ஒப்பீட்டுப் பட்டியல். இந்த இரண்டையும் பத்திரத்தோடு வைத்துப் படித்தால் பிழை எந்த இடத்தில் நுழைந்தது என்று யாருக்கும் தெரிந்துவிடும்.

வைகைக்கரை எழுதியது:

புலப்படம் ஐயா எழுதியது எல்லாம் சரி. ஆனால் பொறுமையைப் பற்றிப் பேசும்போது எனக்கு ஒன்று சொல்லியாக வேண்டும்.

என் அம்மாவுக்கு அப்பா வழியில் வந்த புஞ்சைக்குப் பட்டா வாங்க நான்தான் அலைந்தேன். அலுவலகத் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு. அதில் எப்போதும் வயதான பெண்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள். மடியில் மஞ்சள் பை, பைக்குள் பிளாஸ்டிக் கவர், கவருக்குள் கணவரின் இறப்புச் சான்றிதழ். ஒருவரும் குரலை உயர்த்தியதில்லை. "நாளைக்கு வாங்கம்மா" என்றால் எழுந்து போவார்கள், மறுநாள் அதே பஸ்ஸில் வருவார்கள். பொறுமைக்கு அவர்களைவிட உதாரணம் காட்ட முடியாது. அந்தப் பொறுமையால் அவர்களுக்கு என்ன கிடைத்தது? யாருக்காவது அவசரம் என்றால் முதலில் தள்ளிவைக்கப்படுவது அவர்கள் மனுதான், ஏனென்றால் அவர்கள் கேட்கமாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

மாதச் சம்பளக்காரருக்குக் காத்திருப்பது எரிச்சல். கூலிக்குப் போகிறவருக்கு அது அன்றைய சோறு. அதனால் "குறை சொல்லாதீர்கள்" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது. காவிரிக்கரை அண்ணா, நீங்கள் கத்தவேண்டாம், அது உங்கள் குணம், நல்ல குணம். ஆனால் புகாரே கொடுக்காமல் இருப்பதைப் பொறுமை என்று நினைத்துவிடாதீர்கள்.

கர்நாடகத்தில் சகாலா என்று வைத்திருக்கிறார்கள், சேவைக்குக் கெடு. கெடு தாண்டினால் நாளுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய் வரை மனுதாரருக்கு இழப்பீடு. மத்தியப் பிரதேசத்தில் 2010-லேயே சேவை உத்தரவாதச் சட்டம் வந்தது. கேரளத்தில் 2012-ல் வந்தது. தொகை சின்னது, அதற்காக யாரும் மனுப் போடப்போவதில்லை. ஆனால் உங்கள் மனு கொடுத்த நாளில் இருந்து ஒரு கடிகாரம் ஓடுகிறது, அது அந்த அதிகாரிக்கும் தெரியும். தமிழ்நாட்டிலும் இப்படி வேண்டும் என்று எத்தனையோ ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பெஞ்சில் இருப்பவர்களுக்கு வேண்டியது அந்தக் கடிகாரம். பொறுமை அவர்களிடம் வேண்டிய அளவு இருக்கிறது.

மனுதாரர் எழுதியது:

வைகைக்கரை அக்கா சொன்னதோடு நான் முழுதாக உடன்படுகிறேன். டீக்கடையில் நின்று அரசாங்கத்தைத் திட்டுவதால் கோப்பு நகராது. ஒரு பக்க மனு எழுதி ஒப்புகை வாங்கினால் நகரும். திட்டுவதைக் குறைத்துவிட்டு எழுதுவதைக் கூட்டுங்கள்.

முதலில் நேர்பேச்சு அவர்களுக்கு. ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-ல் திருத்தம் வந்தது. அதன்படி லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயத்தின் பேரில் கொடுத்திருந்தால் 7 நாளுக்குள் புகார் செய்யவேண்டும், செய்தால் தப்பலாம். புரோக்கர் மூலம் கொடுத்தாலும் கொடுத்தது கொடுத்ததுதான். இன்னொன்று, பணம் கொடுத்துச் சரியான விசாரணை இல்லாமல் வாங்கிய பட்டாவை நாளைக்கு எதிர்த்தரப்பு மேல்முறையீட்டில் ரத்து செய்யவைக்க முடியும். நியாயம் முழுக்க உங்கள் பக்கம் இருக்கும்போது அதை ஏன் நீங்களே ஓட்டை போட்டுக்கொள்ளவேண்டும்?

இனி காவிரிக்கரைக்கு.

மனுவைக் கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். சில நாள் கழித்துப் போய் ந.க. எண், அதாவது உங்கள் கோப்பின் எண், கேளுங்கள். ஒரு எண், சாய்கோடு, ஆண்டு, சாய்கோடு, அப்புறம் அ1, ஆ3 மாதிரி பிரிவின் பெயர் என்று இருக்கும். அந்தப் பிரிவு எழுத்தரின் தன்பதிவேட்டில் (அவரிடம் வரும் மனுக்களைப் பதியும் ஏட்டில்) உங்கள் மனு ஏறியிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். எழுத்தர் மாறிப்போனாலும் தன்பதிவேடு மாறாது, அடுத்தவர் அதைக் கையெழுத்துப் போட்டுத்தான் ஏற்கவேண்டும். "என் மனு என்ன ஆச்சு" என்று கேட்பவருக்கும், எண்ணைச் சொல்லி "இது இப்போது எந்த நிலையில் இருக்கிறது" என்று கேட்பவருக்கும் கிடைக்கும் பதில் வேறு. குரலை உயர்த்தவேண்டிய தேவையே வராது.

ஒரு மாதம் பொறுத்திருங்கள். குறைதீர் மனுவுக்கு 3 நாளில் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் பதில் என்று அரசாணை இருக்கிறது. அதற்குள் வரவில்லை என்றால் ஆர்.டி.ஐ., அதாவது தகவல் அறியும் உரிமை மனு. 2005-ம் ஆண்டுச் சட்டம், பிரிவு 6(1). 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். அதில் "ஏன் தாமதம்" என்று கேட்காதீர்கள், காரணம் கேட்டால் "விளக்கம் கேட்க இடமில்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். இந்த ந.க. எண் கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல், கோப்பு எந்தத் தேதியில் எந்த அலுவலரிடம் இருந்தது என்ற விவரம், திருப்பிய மனுவில் சொல்லப்பட்ட குறைபாடு எது என்று பதிவான பக்கத்தின் நகல். இவ்வளவு போதும். 30 நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. இரண்டாவது கட்டத்தில் காலம் பிடிக்கும், மறைக்கவில்லை. ஆனால் என்னிடம் வந்த பலருக்கு ஆர்.டி.ஐ. மனு போய்ச் சேர்ந்ததுமே காணாமல் போன கோப்பு கிடைத்திருக்கிறது.

தாசில்தார் உத்தரவு எதிராக வந்தாலும் அதோடு முடியவில்லை. 1983-ம் ஆண்டு பட்டா பாஸ்புத்தகச் சட்டத்தின் கீழ் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதற்கும் மேலே மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு என்று படிகள் இருக்கின்றன. மனு மேல் ஒன்றும் செய்யாமலே வைத்திருந்தால் உயர்நீதிமன்றத்தில் ரிட் போட்டு, "இத்தனை வாரத்துக்குள் முடிவெடு" என்று உத்தரவு வாங்குவதும் வழக்கத்தில் இருக்கிறது. அது கடைசிப் படி, செலவும் உண்டு.

கிராமக்கணக்கு எழுதியது:

நான் இப்போது வி.ஏ.ஓ.வாகப் பணியில் இருக்கிறேன், ஊர் பெயர் வேண்டாம். இந்த இழையைப் படித்துவிட்டு எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

வைகைக்கரை சொன்ன பெஞ்சு எனக்கும் தெரியும். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. கேட்பவருக்கு முதலில் நடக்கிறது, கேட்காதவருக்குப் பிறகு நடக்கிறது. அது நியாயமில்லை என்று எங்களில் பலருக்குத் தெரியும். என் மேசையில் நான் ஒன்று செய்கிறேன், தேதி வாரியாகத்தான் எடுப்பேன். எல்லா நாளும் அது முடிவதில்லை.

எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதியோர் உதவித்தொகை விசாரணை, வாக்காளர் பட்டியல், பொங்கல் வேட்டி சேலை, கோயில் திருவிழா அமைதிக்கூட்டம், எல்லாம் ஒரே ஆளிடம். டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை என்றால் வேறு எதுவும் ஓடாது. தண்ணீர் வடிந்த வயலில் இறங்கி, 33 சதவீதத்துக்கு மேல் சேதமா இல்லையா என்று புலம் புலமாகப் பார்த்து எழுதவேண்டும். அதில் ஒருவர் பெயர் விட்டுப்போனால் அவருக்கு நிவாரணம் போகாது. முழங்கால் சேற்றில் நிற்கும்போது போன் வரும், எடுத்தால், "நீங்கள் எல்லாம் எதற்குச் சம்பளம் வாங்குகிறீர்கள்" என்பார்கள். அன்று மாலை அவருடைய கோப்பை எடுக்கும்போது மனசு சுருங்குகிறது. தள்ளிவைக்கமாட்டேன், ஆனால் மனுவில் இல்லாத ஒரு தகவலை நானே தேடி எடுத்துச் சேர்க்கும் அக்கறை அன்றைக்கு வராது. அமைதியாகப் பேசியவருக்கு அந்த அக்கறை தானாக வரும். நானும் மனுஷிதான்.

மனு எழுதும்போது தயவுசெய்து கதையில் ஆரம்பிக்காதீர்கள். நாலு பக்கம் குடும்ப வரலாறு எழுதி, கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில் புல எண் வரும். தலைப்பிலேயே மாவட்டம், வட்டம், உள்வட்டம், கிராமம், பழைய சர்வே எண், இப்போதைய புல எண்ணும் உட்பிரிவும், விஸ்தீரணம் ஏக்கரிலும் ஹெக்டேரிலும். அதன் கீழே என்ன வேண்டும் என்று ஒரே வாக்கியம். "மேற்படி புலத்தின் பட்டாவில் தவறாகத் தாக்கலாகியுள்ள இன்னார் பெயரை நீக்கி, இன்னார் வாரிசுகளான எங்கள் பெயரைச் சேர்த்து உத்தரவிட வேண்டுகிறேன்." பிறகு ஆவணப் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு. வாரிசுகள் எல்லோர் பெயரும் வரவேண்டும். அக்கா, தங்கை பெயரை விட்டுவிட்டுக் கொண்டுவருகிறவர்கள் நிறைய, அது நிச்சயம் திரும்பும், திரும்பவும் வேண்டும்.

அப்புறம் ஜமாபந்தியை விட்டுவிடாதீர்கள். பசலி ஆண்டு, அதாவது வருவாய்த்துறையின் கணக்கு ஆண்டு, ஜூலையில் தொடங்கி ஜூனில் முடிகிறது. அதை முடித்துக் கணக்குத் தணிக்கை செய்யத்தான் மே, ஜூன் மாதங்களில் தாலுகா அலுவலகத்தில் வருவாய்த் தீர்வாயம் நடக்கிறது. ஒவ்வொரு உள்வட்டத்துக்கும் ஒரு நாள் குறிப்பார்கள். அன்று கிராமத்தின் எல்லாக் கணக்கும் மேசை மேல் இருக்கும். 'அ' பதிவேடு, அடங்கல், சிட்டா, வரைபடம், எல்லாவற்றையும் துணி சுற்றிக் கட்டிக்கொண்டு நாங்கள் போவோம். ஜமாபந்தி அலுவலர், தாசில்தார், வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.), சர்வேயர், நான், எல்லோரும் ஒரே கூடத்தில். மற்ற நாளில் தனித்தனியாகத் தேடவேண்டிய ஆட்கள் அத்தனை பேரும் அன்று ஒரே இடத்தில் இருக்கிறோம். பக்கத்து வயல்காரரையும் கூட்டிக்கொண்டு வந்து, "இது இவருடைய நிலம்தான்" என்று அவர் வாயால் சொல்லவையுங்கள். அன்றே உத்தரவு கிடைக்கும் என்று சொல்லமாட்டேன், விசாரணை நடைமுறை இருக்கிறது. ஆனால் மனு பதிவேட்டில் ஏறும், அதன் மேல் என்ன செய்தோம் என்று நாங்கள் பதில் சொல்லியாகவேண்டும்.

சிராங்கூன் எழுதியது:

சிங்கப்பூரில் இருந்து படிக்கிறேன். வெளிநாட்டில் இருப்பவர்கள் பட்டா, 'அ' பதிவேடு, புலப்பட நகல் எல்லாவற்றையும் தமிழ்நாடு அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையச் சேவையில் பார்த்துக்கொள்ளலாம். எல்லோரும் இன்றைக்கே ஒரு முறை பாருங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே பிழை தெரிந்தால், சாட்சி சொல்ல ஆள் இருக்கும்.

நேர்பேச்சு எழுதியது:

கிராமக்கணக்கு எழுதியதை மதிக்கிறேன். எல்லா ஊரிலும் உங்களைப் போன்றவர் இருந்தால் நான் அப்படி எழுதியிருக்கமாட்டேன். ஒரு சந்தேகம். மனுதாரர் சொன்ன மாதிரி ஆர்.டி.ஐ. போட்டால் அவர்கள் மனதில் வைத்துக்கொண்டு வேலையைக் கெடுக்கமாட்டார்களா? எங்கள் பக்கத்தில் அந்தப் பயம்தான் எல்லோருக்கும்.

கிராமக்கணக்கு எழுதியது:

மனதில் வைத்துக்கொள்பவர்களும் உண்டு, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் கேள்வி எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. "இந்த அலுவலகத்தில் ஐந்து ஆண்டில் வந்த மொத்த மனுக்கள்" என்று கேட்டால் எங்களை மிரட்டுவதற்காகக் கேட்டதாகத்தான் எடுத்துக்கொள்வோம். உங்கள் கோப்பைப் பற்றி மட்டும், மரியாதையான வார்த்தையில் கேட்டால் அது எங்களுக்கு நினைவூட்டல். சில சமயம் உதவியும்கூட. மேலிடத்தில் தேங்கி நிற்கும் கோப்பை, "தகவல் கேட்டிருக்கிறார்கள்" என்று சொல்லித்தான் நாங்களே நகர்த்துவோம்.

வைகைக்கரை எழுதியது:

கிராமக்கணக்கு சகோதரிக்கு நன்றி. நான் எழுதியது உங்களைப் போன்றவர்கள் மேல் உள்ள கோபம் இல்லை.

காவிரிக்கரை அண்ணா மனசுக்கும் வழி கேட்டிருந்தார், அதை எல்லோரும் விட்டுவிட்டோம். எனக்கு உதவியதைச் சொல்கிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டு. போன தேதி, பார்த்த அலுவலரின் பதவி, அவர் சொன்னது, அடுத்து வரச்சொன்ன நாள். இவ்வளவுதான். அலுவலகப் படி இறங்குவதற்கு முன்னால் அங்கேயே நின்று எழுதிவிடுவேன். எழுதிவிட்டால் வீட்டில் வந்து அதையே திரும்பத் திரும்பப் பேசவேண்டியதில்லை. அம்மா கேட்டால் நோட்டைப் பார்த்துச் சொல்வேன், "சர்வேயர் அறிக்கைக்குப் போயிருக்கிறது, வெள்ளிக்கிழமை கேட்கணும்" என்று. அம்மாவுக்கும் அது போதுமாக இருந்தது. முன்பெல்லாம் என் முகத்தைப் பார்த்தே கலங்கிப்போவார். பிறகு மேல்முறையீட்டில் அந்த நோட்டில் இருந்த தேதிகளை வைத்துத்தான் கால வரிசை எழுதினேன், அது வேறு விஷயம்.

இன்னொன்று. நான் போகும் நாளெல்லாம் அந்தப் பெஞ்சில் இருக்கும் ஒருவருடைய மனுவையாவது வாங்கிப் படித்துப் பார்ப்பேன். புல எண் இருக்கிறதா, ஒப்புகை வாங்கினார்களா என்று. பாதிப் பேரிடம் ஒப்புகை இருக்காது. தபால் பிரிவு எது என்றே தெரியாது. கூட்டிப்போய்க் காட்டுவேன். காத்திருக்கும் நேரம் அப்படிக் கழிந்தபோது எனக்குக் கோபம் வரவே இல்லை என்பது உண்மை.

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. உடனே பதில் எழுதாததற்குக் காரணம், முதலில் நீங்கள் சொன்னதைச் செய்துவிட்டு எழுதலாம் என்றுதான்.

பழைய 'அ' பதிவேட்டின் நகல் கிடைத்துவிட்டது. தாலுகா பதிவறையில் ஓரம் நைந்துபோன பெரிய கட்டு, பக்கங்களை உள்ளங்கையால் தாங்கித்தான் புரட்டவேண்டியிருந்தது. எங்கள் பழைய சர்வே எண்ணுக்கு நேராக, தாத்தாவுக்கு விற்றவரின் தகப்பனார் பெயர், நீல மையில். 1968 கிரயப் பத்திரத்தில் விற்றவர் தன்னை இன்னார் மகன் என்று எழுதியிருப்பது அதே பெயர். பதிவறை எழுத்தர் இரண்டையும் ஒத்துப்பார்த்துவிட்டு, "அட, சங்கிலி விடாம இருக்கே" என்று அவரே சந்தோஷப்பட்டார். இத்தனை நாளில் அந்த அலுவலகத்தில் யாரோ ஒருவர் என் நிலத்துக்காகச் சந்தோஷப்பட்டதை அன்றுதான் பார்த்தேன்.

ஒப்பீட்டுப் பட்டியலில்தான் சிக்கல் நுழைந்திருக்கிறது. பழைய எண் இரண்டு உட்பிரிவாக உடைந்தபோது இரண்டுக்கும் ஒரே பெயரை எழுதியிருக்கிறார்கள். மனுவைக் கிராமக்கணக்கு அவர்கள் சொன்ன வடிவத்தில் மறுபடி எழுதிவிட்டேன். அத்தை இருவர் பெயரும் வரவேண்டுமா என்று கேட்டேன். நிலம் தாத்தா அப்பாவுக்கு மட்டும் எழுதிக்கொடுத்தது, ஆகவே அப்பாவின் வாரிசுகளான அம்மா, நான், தங்கை மூவர் போதும் என்றார்கள். தங்கையின் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். தபால் பிரிவில் முத்திரை வாங்கியாகிவிட்டது, ந.க. எண்ணும் கிடைத்துவிட்டது.

வைகைக்கரை தங்கை சொன்ன நோட்டும் போட்டிருக்கிறேன். வீட்டில் பேச்சு குறைந்திருக்கிறது. சித்தப்பா மட்டும் இன்னும் சத்தம் போடச் சொல்கிறார்.

இப்போது ஒரு கேள்வி. கோட்டாட்சியர் அலுவலகத்தில் இருந்து விசாரணைக்கு நோட்டீஸ் வரும் என்கிறார்கள். பட்டாவில் பெயர் இருப்பவர் இறந்துபோனவர். அவருடைய பேரன்தான் சம்மதம் என்கிறார். அவர் ஒருவர் வந்தால் போதுமா?

புலப்படம் எழுதியது:

போதாது தம்பி. பட்டாவில் இருப்பவரின் வாரிசுகள் அத்தனை பேரும் எதிர்மனுதாரர்கள். ஒருவர் சம்மதித்து இன்னொருவர் பிறகு வந்து, "எனக்கு நோட்டீஸே வரவில்லை" என்றால் மேல்முறையீட்டில் உத்தரவு நிற்காது. வெளியூரில் இருக்கும் பெண் பிள்ளைகளையும் விடாதீர்கள். எல்லோருடைய முகவரியையும் வாங்கி நீங்களே மனுவோடு சேர்த்துக் கொடுங்கள், நோட்டீஸ் சார்பு செய்வதில்தான் மாதக்கணக்கில் தேங்கும். சம்மதம் உள்ளவர்கள் விசாரணை நாளில் நேரில் வந்து வாக்குமூலம் கொடுப்பது நல்லது. வர முடியாதவர்கள் எழுத்தில் கொடுக்கட்டும். அதில் புல எண்ணும் விஸ்தீரணமும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் மறுத்தாலும் அங்கே உரிமை யாருக்கு என்று வருவாய்த்துறை தீர்ப்புச் சொல்ல முடியாது, சிவில் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். அதனால் நோட்டீஸ் போவதற்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குப் போய் எல்லோரிடமும் பேசிவிடுங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த வீட்டுப் பெண்களிடம் அம்மா பேசினால் வேலை சுலபமாகும்.

காவிரிக்கரை எழுதியது:

சரி ஐயா. அந்த வீட்டின் மூத்த மகள் பட்டுக்கோட்டைப் பக்கம் இருக்கிறாராம். வரும் ஞாயிறு நானும் அம்மாவும் போகிறோம். மனுவின் நகல் ஒன்றை அவருக்கும் எடுத்துப்போகிறேன்.